சனிக்கிழமைகளில் வந்த மேடம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்த காலம் அது. எண்பதுகளின் கடைசி. ஒரு நாள் சாப்பாட்டு மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், மெஷின் ஊசி என் இடது கை ஆள்காட்டி விரலின் நகத்தைத் துளைத்து உள்ளே இறங்கிவிட்டது. சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றி ஊசியை மேலே தூக்கினேன். வெள்ளைத் துணியில் ரத்தம் பட்டுவிடக் கூடாது என்று காலரை இன்னொரு கையால் இழுத்து ஓரமாக வைத்தேன். ஊசியின் முனை உடைந்து விரலுக்குள்ளேயே தங்கியிருந்தது. பக்கத்து மெஷின் பெண்தான் கத்தினாள். அவள் கத்தியதால்தான் சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக். டாக்டர் மரத்துப்போக ஊசி போடுவதற்கு முன்னால் விரலை அமுக்கிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"வலிக்கலியாம்மா?"

"தெரியல சார்."

"தெரியலன்னா? வலிக்குதா, இல்லியா?"

நான் உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன். "விரல்ல என்னமோ நடக்குதுன்னு தெரியுது சார்" என்றேன்.

முனையை எடுத்துக் கட்டுப் போட்டுக்கொண்டே, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். ஒரு பெண் குழந்தை, ஆறு வயது, என் வீட்டுக்காரரின் அக்கா ஒருத்தர், அவ்வளவுதான் என்றேன். வீட்டுக்காரர்? இறந்துட்டாரு சார், எட்டு மாசம் ஆவுது. ரேஷன் கடையில் விலாசம் சொல்வதுபோலச் சொன்னேன் என்பது எனக்கே காதில் விழுந்தது.

டாக்டர் கட்டின் முனையை முடிந்தார். "சனிக்கிழமை சாயங்காலம் பின்னாடி ரூம்ல ஒரு மேடம் வருவாங்க. கட்டு மாத்த வர்றப்போ அவங்களையும் பாத்துட்டுப் போ" என்றார்.

"எதுக்கு சார்?"

"சும்மா பேசறதுக்கு."

பேசுவதற்கு ஒரு டாக்டர் இருப்பார் என்று எனக்கு அதுவரை தெரியாது.

என் வீட்டுக்காரர் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஒரு நாள் காலை ஷிப்டுக்குப் போகும்போது, எல்லோரும் செய்வதுபோல, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்திருக்கிறார். ஒரு வண்டி போகட்டும் என்று நின்றவர், அது போனவுடன் காலெடுத்து வைத்திருக்கிறார். எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று வந்ததைப் பார்க்கவில்லை. சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் யாரோ அதை உருட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நிறுத்திவிட்டுப் போனார்கள்.

அவரைக் கொண்டுவந்து போட்டபோது நான் அழவில்லை. எடுத்துக்கொண்டு போனபோதும் அழவில்லை. வந்திருந்த பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர்களுடைய கண்ணீர் என் தோளில் ஈரமாக இருந்தது. புடவை மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். "அதிர்ச்சி, நாளைக்கு அழுதுடுவா" என்று ஒருத்தி சொன்னாள். நாளையும் போயிற்று, காரியமும் முடிந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்து கள்ளிக்குப்பத்தில் ஒரு வீட்டின் பின்பக்கப் போர்ஷனுக்கு வந்தோம். நானே நின்று சாமான் கட்டினேன், பாத்திரங்களுக்கு நடுவில் பழைய துணி வைத்து. ஒரு பீங்கான்கூட உடையவில்லை.

என் வீட்டுக்காரரின் அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். பெரம்பூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த இடத்தில், கல்யாணமான மூன்றாம் வருஷம் புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். அதிலிருந்து தம்பியோடுதான் இருந்தார். தம்பி போன பிறகு தினமும் அழுதார். அரிசி களையும்போது அழுதார், கோலம் போடும்போது அழுதார். அழுதுகொண்டே என்னைப் பார்ப்பார்.

"ஒரு சொட்டு கண்ணீர் வுட்டியாமே நீ? கல்லா நீ? அவன் இன்னா குறை வெச்சான் உனுக்கு?"

நான் பதில் சொல்ல மாட்டேன். கோபத்தால் அல்ல. அவர் கேட்டதுதான் எனக்கும் தெரியவேண்டியிருந்தது. பதில் கிடைத்தால் சொல்லியிருப்பேன்.

என் மகள் ரொம்ப நல்ல பிள்ளையாக மாறிவிட்டிருந்தாள். எதையும் கேட்பதில்லை. பென்சில் தொலைந்தால் பாதிப் பென்சிலைக் கடன் வாங்கி எழுதினாள். அதையும் நான் கவனித்தேன், பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்பதுபோல.

அந்தச் சனிக்கிழமை கட்டு மாற்றிக்கொண்டு பின்பக்க அறைக்குப் போனேன். மருந்துக் கம்பெனி அட்டைப்பெட்டிகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மெல்லிய பருத்திப் புடவை, முந்தானையைத் தலையில் போட்டிருந்தார். கைக்கடிகாரத்தை நர்ஸுகள் கட்டுவதுபோல மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டியிருந்தார். பூந்தமல்லியில் வீடு. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மனநோய் வார்டில் இருபது வருஷத்துக்கு மேல் நர்ஸாக இருந்தவர், அதற்கப்புறம் இதற்கென்று தனியாகப் படித்தவர் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். சனிக்கிழமை மட்டும் பஸ் பிடித்து அம்பத்தூருக்கு வருவார்.

வீட்டுக்காரர் எப்படி இறந்தார் என்று கேட்பார், அதே கதையை இன்னொரு தடவை சொல்ல வேண்டும் என்று தயாராகப் போயிருந்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி வேறு.

"காலைல என்னம்மா சாப்ட்ட?"

"சோறு."

"சூடா இருந்துச்சா?"

எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அவர் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். ராத்திரி எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பாய், நடுவில் எத்தனை தடவை விழிப்பு வரும், தலைக்கு எண்ணெய் வைத்து எவ்வளவு நாளாகிறது, கடைசியாக யார் தலை வாரிவிட்டது, கம்பெனிக்குப் பஸ்ஸா நடையா, பையை எந்தத் தோளில் மாட்டுவாய், சாமி கும்பிடுவாயா, கும்பிடும்போது ஏதாவது கேட்பாயா. இப்படியே போயிற்று. மாசாமாசம் சரியாக வருகிறதா என்று கேட்டார். அப்போதுதான் நாலு மாதமாக நின்றுபோயிருந்தது எனக்கே உறைத்தது.

எழுந்து வந்து என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நகங்களைப் பார்த்தார். ஒரு சீட்டில் ரத்தப் பரிசோதனைக்கு எழுதி, முன்னால் இருக்கும் டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

"செருப்பக் கழட்டு. பாதத்தத் தரையில வை. ஜில்லுனு இருக்கா?"

"இருக்கும் மேடம்."

"இருக்கும் இல்ல. இருக்கான்னு பாரு."

நான் பாதத்தைப் பார்த்தேன். ரெட் ஆக்ஸைடு தரை. கொஞ்ச நேரம் கழித்து, இடது பாதத்தில் மட்டும் லேசாகக் குளிர்ச்சி தெரிந்ததுபோல இருந்தது. அதைச் சொன்னேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

கிளம்பும்போது நானே கேட்டுவிட்டேன். "அவரப் பத்தி ஒண்ணுமே கேக்கலியே மேடம்?"

"நீயே இன்னும் இங்க வந்து சேரலியேம்மா. அப்புறம் அவரப் பத்தி நான் யாரக் கேக்கறது?"

ரத்தத்தில் இரும்புச் சத்து ரொம்பக் குறைவாக இருந்தது. மாத்திரை கொடுத்தார் டாக்டர். மேடம் தன் பங்குக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தினமும் ஒரு வேளையாவது சூடான சோறு, அதுவும் உட்கார்ந்து, மகளோடு. சாயங்காலம் மகளுக்குத் தலை வாரிவிட வேண்டும், அவசரமில்லாமல். வாரத்தில் ஒரு நாள் எண்ணெய்க் குளியல், அண்ணி முதுகு தேய்த்துவிட வேண்டும். மாத்திரை தவறக் கூடாது. கீரை, பேரீச்சம்பழம். தூங்குவதற்கு முன்னால் கையை வயிற்றில் வைத்துப் பத்து மூச்சு.

இதற்கா பேச்சு டாக்டர் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அதைச் சொல்லியும்விட்டேன். அவர் சிரித்தார்.

"நான் இருந்த ஆஸ்பத்திரில தலைக்கு ஒரு டாக்டரு, வயித்துக்கு ஒரு டாக்டரு. வீட்டு ஆளுங்க கேட்டுக்கு வெளில நிப்பாங்க. ஆள முழுசா யாருமே பாத்ததில்லம்மா. தூங்காதவளுக்குத் தூக்க மாத்திரை குடுப்போம். அவ ஏன் கதவுப் பக்கமே திரும்பிப் படுக்கறான்னு கேக்க மாட்டோம். எனக்கு அது பிடிக்கல. அவ்ளோதான்."

அண்ணிக்கு நான் அங்கே போவது பிடிக்கவில்லை. "பைத்தியக்கார டாக்டராண்ட போய்கினு கீறியாமே? அக்கம்பக்கத்துல தெரிஞ்சா இன்னா பேசுவாங்கோ?" என்றார். ஆனால் முதுகு தேய்க்க மாட்டேன் என்று சொல்லவில்லை. சனிக்கிழமை காலையில் எண்ணெயைக் காய்ச்சிக்கொண்டு வந்து, என்னைக் குப்புறத் திருப்பி, அடிப்பதுபோலத் தேய்ப்பார். தேய்த்துக்கொண்டே அழுவார். என் முதுகில் எண்ணெயோடு அதுவும் சேர்ந்து ஓடியது.

ஒன்றரை மாதம் இப்படிப் போயிற்று. பெரிதாக ஒன்றும் மாறவில்லை. நின்றிருந்த மாதவிலக்கு திரும்ப வந்தது. மத்தியானத் தலைச்சுற்றல் குறைந்தது. ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது, "ரசத்துல உப்பு ஜாஸ்தி" என்றேன். அண்ணியும் மகளும் கை நிறுத்தி என்னைப் பார்த்தார்கள். அவர் இறந்ததிலிருந்து சாப்பாட்டைப் பற்றி நான் சொன்ன முதல் வார்த்தை அது என்று மகள் அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் யாரிடமோ சொல்லியிருக்கிறாள்.

அந்தச் சமயத்தில் ஒரு சனிக்கிழமை, அறையில் மின்சாரம் இல்லை, புழுக்கம். வா, ஏரிக்கரைப் பக்கம் நடந்துட்டு வரலாம் என்றார் மேடம். உட்கார்ந்து பேசினால் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டும், நடந்தால் பாதையைப் பார்த்தால் போதும் என்று அவருக்கு ஓர் எண்ணம். அம்பத்தூர் ஏரியில் அப்போது தண்ணீர் நிறைய இருந்தது. எருமைகள் கழுத்தளவு இறங்கி நின்றன. அவர் மடியிலிருந்து வறுத்த வேர்க்கடலையை எடுத்து எனக்கும் கொடுத்து, தோலை ஊதிக்கொண்டே நடந்தார்.

"அந்த டிபன் பாக்ஸ் கதைய நீ சொல்லவே இல்லியே" என்றார்.

அதற்கு முந்தின வாரம், காலையில் டிபன் கட்டுவேன் என்று ஏதோ பேச்சில் சொல்லி, பாதியில் நிறுத்தியிருந்தேன். அவர் அதைப் பிடித்து வைத்திருக்கிறார்.

சொன்னேன். என் வீட்டுக்காரர் இறப்பதற்கு முன்னால் பதினோரு நாட்கள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நான் ஒரு வார்த்தை கேட்டதுதான் காரணம். "உங்க அக்கா கடைசி வரைக்கும் இங்கயேதான் இருக்கப்போறாங்களா?" கேட்டபோது எனக்கு உடம்பு சரியில்லை, அன்று காலையெல்லாம் நானும் அண்ணியும் சின்ன அடுப்படியில் இடிபட்டுக்கொண்டிருந்தோம், அலுப்பில் வாயில் வந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். அதற்கப்புறம் பேசவில்லை. காலையில் டிபன் கட்டி மேஜைமேல் வைப்பேன். எடுக்காமல் போய்விடுவார். அடுத்த நாளும் கட்டி வைப்பேன். சாயங்காலம் அதைத் திறந்து, ஆறிப்போனதை நானே சாப்பிடுவேன். பதினோரு நாள்.

"பன்னெண்டாவது நாள் அவரு செத்துட்டாரு மேடம். அன்னிக்கும் அவரு பேசல. அதுக்கு அடுத்த நாளும் பேசல. எனக்கு வித்தியாசமே தெரியல."

சொல்லி முடித்துவிட்டு, நெஞ்சில் ஏதாவது வருகிறதா என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. ஓர் எருமை கரையேறி உடம்பை உதறியது. மேடம் கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தார். அவர் ஏதாவது ஆறுதல் சொல்லியிருந்தால் அடுத்த வாரம் நான் போயிருக்க மாட்டேன் என்று தோன்றுகிறது.

பஸ் ஸ்டாப்பில் நின்றபோது கேட்டார். "நீ கேட்ட அந்த வார்த்த உங்க அண்ணி காதுல விழுந்துச்சா?"

"இல்ல. அவங்க அன்னிக்கு கோயிலுக்குப் போயிருந்தாங்க."

"அவங்களையும் ஒரு தரம் கூட்டிட்டு வா. உன் வீட்ல பாதி அவங்கதானே. அந்தப் பாதிய வுட்டுட்டு உன்ன மட்டும் நான் எப்படிப் பாக்கறது?"

அண்ணி வர மாட்டேன் என்றார். "எனுக்கு இன்னா? நான்தான் நல்லா அய்துகினு கீறேனே, எனுக்கு எதுக்கு வைத்தியம்?" என்றார். மூன்று வாரம் கழித்து, என் மகள் கேட்டுக்கொண்டதால் வந்தார். குழந்தை என்ன சொன்னாள் என்று இன்றுவரை இருவரும் எனக்குச் சொன்னதில்லை.

அறையில் உட்கார்ந்ததும் அண்ணி வழக்கம்போல அழ ஆரம்பித்தார். மேடம் தடுக்கவில்லை. எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வைத்தார். அழுகை கொஞ்சம் ஓய்ந்தபோது, "கழுத்து வலிக்குதா?" என்று கேட்டார்.

அண்ணிக்கு ஆச்சரியம். "அக்காங். ராவெல்லாம் வலிக்குது. தலகாணியே வெக்க முடியல. உனுக்கு எப்டித் தெரியும்?"

மேடம் எழுந்து பின்னால் போய், கட்டைவிரல்களால் அண்ணியின் தோள்பட்டையை மெதுவாக அழுத்திவிட்டார். அண்ணி கண்ணை மூடிக்கொண்டார்.  பிறகு கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"என்னாலதான் ரெண்டு பேரும் பேசிக்கல. அன்னிக்கி கோயில் நட சாத்தியிருந்துச்சி, பாதிலயே வந்துட்டேன். வாசல்ல செருப்ப வுடறப்போ இவ கேக்கறா. நான் திரும்பப் போய், தெருவுல ஒரு ரவுண்டு சுத்திட்டு, அப்புறமா வந்தேன். அப்பவே எங்கியாச்சும் போய்த் தொலஞ்சிருந்தா இவங்கோ பேசிகினு இருந்திருப்பாங்கோ. அவன் மனசு நிம்மதியா ரெண்டு பக்கமும் பாத்துப் போயிருப்பான். நான்தான் என் தம்பியத் தின்னுட்டேன்."

அவர் அழவில்லை. பத்துப் பதினோரு மாதமாக ஒரு நாள் விடாமல் அழுதவர், இதைச் சொல்லும்போது அழவில்லை.

என்னைக் கல் என்று அவர் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. அவர் என்னைப் பார்த்துப் பார்த்து அழுதது எதற்கு என்றும் அப்போது புரிந்தது. புரிந்ததே தவிர, உள்ளே ஒன்றும் அசையவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் மேடத்தைப் பார்த்தேன். அவர், ஒன்றும் சொல்லாதே, போய்ப் பக்கத்தில் உட்கார் என்பதுபோல நாற்காலியைக் காட்டினார். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அண்ணியின் முழங்கை என் முழங்கையில் இடித்தது. சூடாக இருந்தது. அதை மேடத்திடம் சொன்னேன். "அவங்க கை சூடா இருக்கு மேடம்." எனக்குச் சொல்ல இருந்தது அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஓர் இடம் காலியானது. "நீ குந்து" என்றார் அண்ணி. "நீங்க உக்காருங்க" என்றேன். கடைசியில் நடுவில் ஏறிய ஒருத்தர் உட்கார்ந்துகொண்டார். அண்ணி அவரைத் திட்டினார்.

அதன்பின் வீட்டில் அழுகை குறைந்தது. அண்ணி தினமும் அழுவது வாரம் ஒரு தடவை என்றாயிற்று. மேடம் அவருக்கும் ஒரு தாள் எழுதிக் கொடுத்திருந்தார். அதில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. கழுத்துக்கு நான் தினமும் ஒத்தடம் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரியும், ஏனென்றால் அதைக் கொடுத்தது நான்.

கருணை அடிப்படையில் எனக்கு வேலை கேட்டு எழுதிப் போட்டிருந்தோம். அந்தப் படிவங்களை வாங்கிக்கொண்டு என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்த ஒருத்தர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். நல்ல மனிதர். மகளுக்குப் பிஸ்கட் வாங்கி வந்திருந்தார். நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, காபியை ஆற்றிக்கொண்டே பழைய கதை பேசினார்.

"உங்க ஊட்டுக்காரன் மாதிரி ஒரு ஆளு வராதும்மா தங்கச்சி. சிரிச்சிகினே இருப்பான். போறதுக்கு முந்தின நாளுகூட கேன்டீன்ல ஃபோர்மேன் மாதிரியே பேசிக் காட்டினான் பாரு, எங்களுக்கு வயிறு புண்ணாப் போச்சி. அந்த ரெண்டு வாரமும் என் டிபன் பாக்ஸத்தான் புடுங்கித் துன்னுகினு இருந்தான். இன்னாடா, உன் பாக்ஸ் எங்கடான்னா, தங்கச்சிக்கு ரெஸ்ட் குடுத்துட்டேன்றான்!"

அவர் சிரித்தார். நான் கையெழுத்தைப் பாதியில் நிறுத்தினேன்.

அந்தப் பதினோரு நாளும் என் வீட்டுக்காரர் வெளியிலும் வீட்டில் இருந்ததுபோலத்தான் இருந்திருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டு, என்னைப்போல. பேசியிருக்கிறார். ஃபோர்மேன் மாதிரிப் பேசிக் காட்டியிருக்கிறார். இன்னொருத்தன் பெண்டாட்டி கட்டிக் கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டு, எனக்கு ஓய்வு கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறார்.

வந்தவர் போன பிறகு அடுப்படிக்குப் போனேன். காதுக்குப் பின்னால் சூடாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன் என்று தாடை வலித்தபோதுதான் தெரிந்தது. கையில் இருந்த கரண்டியைத் தொட்டியில் போட்டேன். போட்டேன் என்பது சரியல்ல, எறிந்தேன். அண்ணி எட்டிப் பார்த்தார்.

"இன்னா ஆச்சிமே?"

"ஒண்ணுமில்ல" என்றேன். அதைச் சொன்ன குரல் எனக்குப் பழக்கமில்லாததாக இருந்தது.

சனிக்கிழமை வரை காத்திருந்தேன். மேடம் உட்கார்வதற்கு முன்னாலேயே சொன்னேன். "கோவமா வருது மேடம்."

அவர் குடையை மடக்கி ஓரமாக வைத்தார். "யாரு மேல?"

"அவரு மேல. செத்துப்போனவரு மேல. பாவமில்லியா இது?"

"பாவமா இல்லியான்னு அப்புறம் பாக்கலாம். எங்க இருக்கு கோவம்? உடம்புல எங்க?"

"தொண்டைல. தாடைல."

"அப்ப அங்க ஏதோ நிக்குது. வா, நடக்கலாம்."

ஏரிக்கரையில் அன்றைக்குக் காற்று அதிகம். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் நின்று, உன் வீட்டுக்காரரிடம் என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சத்தமாகச் சொல் என்றார் மேடம். நான் கொஞ்சம் தள்ளி நிக்கறேன், எனக்குக் கேக்கணும்னு இல்ல என்றார்.

முதலில் கூச்சமாக இருந்தது. தண்ணீரைப் பார்த்து, "ஏங்க" என்றேன். கூப்பிட்டே எவ்வளவு நாளாகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. பிறகு வந்தது. டிபன் பாக்ஸைப் பற்றிச் சொன்னேன். ஆறிப்போன எலுமிச்சைச் சாதத்தைப் பற்றி. ஊருக்கெல்லாம் சிரித்துப் பேசினாயே, எனக்கு மட்டும் ஒரு வார்த்தை இல்லையா என்று கேட்டேன். வாழ்நாளில் அவரை நீ என்று சொன்னதில்லை. அன்று சொன்னேன். உன் அக்காவை நான் துரத்திவிடுவேன் என்றா நினைத்தாய், ஒரு நாள் அலுப்பில் கேட்டதற்குப் பதினோரு நாளா, அதற்கும் மேலே இப்படியா என்று கத்தினேன். கடைசியில் வார்த்தை இல்லாமல் வெறும் சத்தம்தான் வந்தது. கரையில் மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று தலை தூக்கிப் பார்த்தது.

அழுகை வரும் என்று மேடம் எதிர்பார்த்திருக்கலாம். வரவில்லை. இரண்டு நாள் தொண்டை கட்டிக்கொண்டது. கம்பெனியில் சளி என்று சொன்னேன்.

"அழவே மாட்டேனா மேடம்?" என்று அதற்கடுத்த வாரம் கேட்டேன்.

"அழறதுதான் பரீட்சைன்னு யாரு சொன்னது? சோறு சூடா இருக்கறது தெரியுது. கோவம் வருது. பொண்ணு இப்பல்லாம் என்ன பண்றா?"

"பென்சில் கேட்டு அடம் புடிக்கறா மேடம்."

"பாத்தியா" என்றார்.

அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் போனேன். பிறகு மேடத்தின் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. அவரைத் தூக்கி உட்காரவைக்க ஆள் வேண்டும், இனி அம்பத்தூருக்கு வர முடியாது என்று கிளினிக் டாக்டர் சொன்னார். நானும் அண்ணியும் பூந்தமல்லிக்குப் போய்ப் பார்த்தோம். மசூதிக்குப் பின்னால் குறுகலான தெரு, மாடிப்படிக்குக் கீழே வீடு. மேடம் வாசலில் உட்கார்ந்து அவருடைய வேட்டியை மடித்துக்கொண்டிருந்தார். இளைத்துப்போயிருந்தார். அண்ணி போனதும் போகாததுமாக, "நீ துன்னியா? சூடா துன்னியா?" என்று அதட்டினார். மேடம் சிரித்துக்கொண்டே, இல்லை என்று தலையாட்டினார். அண்ணி அவருடைய அடுப்படிக்குள் போய்விட்டார். அன்று எல்லோரும் அங்கேயே சாப்பிட்டோம்.

எனக்கு வேலை உத்தரவு வர மேலும் இரண்டு வருஷம் ஆயிற்று. ஆவடிக்கு, அவர் வேலை செய்த இடத்துக்கே, ஆபீஸில் கோப்பு எடுத்துக் கொடுக்கும் வேலை. நான் தண்டவாளத்தைக் கடப்பதில்லை, படியேறி நடைமேம்பாலத்தில் போவேன். ஃபோர்மேன் ஓய்வு பெற்றுப் போகும்வரை அவரைத் தினமும் பார்த்தேன். அவர் எப்படிப் பேசுவார் என்று கவனித்துக் கேட்பேன். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் கேட்கிறவர்கள், அப்புறம் சரியாகிவிட்டதா என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் அப்படியேதான் இருந்தேன் என்று சொன்னால் நம்புவதில்லை. கல்யாண வீட்டில் மற்றவர்களுக்கு ஒரு கணம் பின்னால்தான் சிரிப்பேன். சாவு வீட்டில் மற்றவர்களுக்கு முன்னால் வேலை செய்யத் தொடங்கிவிடுவேன். அதோடு வாழப் பழகிக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு பெருமழைக்குப் பிறகு, கள்ளிக்குப்பத்தில் தண்ணீர் வடியாமல் நின்ற வாரத்தில் அண்ணிக்கு டைபாய்டு வந்தது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிட்டோம். ஐந்தாம் நாள் அவருக்கு நினைவு தப்பியது. தம்பி பெயரைச் சொல்லி, ஷிப்டுக்கு நேரமாகிறது, எழுந்திரு என்று பிதற்றினார். ஆட்டோவில் போட்டுக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே ஒரு நர்ஸ் அட்டையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"பேஷன்ட்டுக்கு நீங்க என்ன வேணும்?"

  சுவரைப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கையில் சுவரின் ஈரம் தெரிந்தது. அந்தக் கையைச் சுவரிலிருந்து எடுக்க மனம் வரவில்லை. அதற்கு என்ன பெயர் என்று புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. பயந்திருந்தேன். இந்த அம்மாள் போய்விடுவார் என்று பயந்திருந்தேன்.

"என் அண்ணி" என்றேன். "அவங்க எங்களோடதான் இருக்காங்க. கடைசி வரைக்கும் எங்களோடதான்."

நர்ஸ் கேட்டது அதுவல்ல. அவள் 'அண்ணி' என்று மட்டும் எழுதிக்கொண்டு போனாள்.

நாலாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டது. அண்ணி கண்ணைத் திறந்து, கூரையைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தார். உதடு வெடித்திருந்தது.

"இன்னாமே, மூஞ்சி இப்டி கீது? நீ துன்னியா?"

"இல்ல."

"கொயந்த?"

"பக்கத்து வீட்ல இருக்கா. ஸ்கூலுக்குப் போயிட்டா."

"ஊட்டுக்குள்ள தண்ணி பூந்துச்சா?"

"படி வரைக்கும் வந்துட்டு வடிஞ்சிடுச்சி."

"அரிசி மூட்டைய மேல தூக்கி வெச்சியா?"

"வெச்சேன்."

"அப்ப போ" என்றார். "போய் எதுனா துன்ட்டு வா. சூடா கேட்டு வாங்கித் துன்னு."

ஆஸ்பத்திரிக்கு எதிரில் ஒரு வண்டிக்கடை இருந்தது. தெருவில் இன்னும் கணுக்கால் அளவு தண்ணீர். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடந்து போய், நாலு இட்லி வாங்கினேன். நின்றுகொண்டே இரண்டைச் சாப்பிட்டேன். மீதி இரண்டைச் சாப்பிட முடியவில்லை, மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. காரச் சட்னியா என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.